வாசலுக்கும் அடுப்படிக்கும் மூவாயிரம் கிலோமீட்டர்

2005ஆம் வருஷம் கார்த்திகை மாதம், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில், கன்னியப்பன் வீட்டு முன்வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையில் மூவாயிரம் கிலோமீட்டர் இருந்தது. வெளியே அளந்தால் வீடு பழையபடி பதினேழு அடிதான். வீட்டுவரி போட வந்தவர் டேப்பைப் பிடித்துப் பதினேழு என்று எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். உள்பக்கம் தன் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் காரணம் நாலு டயர்.

கன்னியப்பன் இருபது வருஷம் உப்புப் பாத்தி மிதித்தவன். வருஷா வருஷம் உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் களிமண் இறுக வேண்டும். ஆட்கள் வரிசையாக நின்று காலை அகட்டி மிதிப்பார்கள். ஒடுக்கி மிதித்தால் பாத்தி ஒழுகும். அவனுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான், அதில் அவனை யாரும் அசைக்க முடியாது. 2004 மார்கழியில் கடல் உள்ளே வந்து அவன் குத்தகைப் பாத்திகளைச் சேறாக்கிவிட்டுத் திரும்பிப் போனது. உதவி செய்ய வந்த வெளியூர்க்காரர்கள் குயிலாப்பாளையத்து விடுதிகளில் நிரம்பினார்கள். அவர்களைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுக் கூட்டி வர கன்னியப்பன் ஒரு பழைய இண்டிகா வாங்கினான். சவாரிக்கு ஒரே ரேட் என்பதால் கிலோமீட்டர் மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. மூன்றே மாதத்தில் உப்புக் காற்று நாலு இரும்பு ரிம்மையும் அப்பளமாக உதிர்த்தது. பங்குனியில் அவன் கூனிமேட்டில் டயர் கடை வைத்திருந்த மதார் பாயிடம் போனான்.

பாய் நியாயமான மனிதர். பதிமூன்று இன்ச் அலாய் ரிம்மும் அதற்கு ஏற்ற தட்டை டயரும் எடுத்து வைத்தார். "இது கம்பெனி டயரு உசரமே இருக்கும்பா. மீட்டரு பொய் சொல்லாது" என்றார். கன்னியப்பனின் கண் மேலே தொங்கிய பதினாலு இன்ச் ரிம்மில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த நூற்றியெண்பத்தைந்து அகல டயரையும் எடுத்துத் தட்டிப் பார்த்தான். பாய் ரிம்மை இறக்கிக் கவிழ்த்து, உள்ளே பொறித்திருந்த எண்ணைத் தடவிக் காட்டினார்.

"வண்டியில ஒட்டுற மொகம் இது. சக்கரத்து நடுக்கோட்டுலேர்ந்து இது எவ்ளோ தள்ளி இருக்குதோ அதான் ஆப்செட்டு. உன் வண்டிக்கு நாப்பதுக்கு மேல வேணும், இதுல பதினஞ்சு. நம்பரு கொறைய கொறைய சக்கரம் வெளிய வந்துடும்."

"வரட்டுமே பாய். காலை அகட்டி நின்னாதான் பாத்தி எறுகும்."

"ரோடு இன்னா உப்புப் பாத்தியாப்பா?"

"நீங்க பாத்தி மிதிச்சிருக்கீங்களா?"

பாய் மிதித்ததில்லை. அல்லா மேல் பாரத்தைப் போட்டு மாட்டிக் கொடுத்தார்.

வண்டி குஸ்திக்கு இறங்கியவன் மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை சக்கரம் வெளியே துருத்தியது. சேறு கதவில் ஓவியம் போட்டது. மூன்று பேர் பெட்டியோடு உட்கார்ந்தால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் வாசனை வந்தது. அதையும் கன்னியப்பன் பெருமையாகவே முகர்ந்தான். அவன் மனைவி அம்சவல்லி பதினெட்டு வருஷம் அவனோடு ஒரே உப்பளத்தில் உப்புக் கூடை சுமந்தவள். அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, "இன்னாய்யா, நாலும் வண்டிய வுட்டு ஓடிப் போவப் பாக்குதே" என்று மட்டும் சொன்னாள்.

புது டயரில் முதல் சவாரி போய் வந்தது இருநூற்று இருபது கிலோமீட்டர். டயர் உயரம் என்பதால் மீட்டர் இருநூற்றொன்று காட்டியது. மீதிப் பத்தொன்பது கிலோமீட்டர் எங்கே போனது என்று அவன் யோசிக்கவில்லை. மத்தியானம் வீட்டில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அடுப்படியில் அம்சவல்லி பட்டாணி அளவுக்குத் தெரிந்தாள். "தோ வர்றேன்" என்ற குரல் ஒரு நிமிஷம் கழித்து வந்தது. அவள் சொம்போடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. பாதித் தண்ணீர் தளும்பிப் போயிருந்தது. கால் வீங்கியிருந்தது. மதார் பாய் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரிய டயர் தூரத்தை உண்டாக்கியது, ஆப்செட் அதை வண்டிக்கு வெளியே தள்ளியது, தள்ளியது வீட்டுக்குள் போய் விழுந்தது என்று விளக்கினார். மீட்டர் நூறு காட்டினால் வீட்டுக்குள் ஒன்பதரை. அதற்கப்புறம் தெருவில் அந்தக் கணக்கில்தான் பேசினார்கள். சித்திரையில் அம்சவல்லி மதுரைத் தொலைவில் இருந்தாள், வைகாசியில் கன்னியாகுமரி தாண்டினாள், ஆடியில் பம்பாய். எதிர்வீட்டுச் சவரியம்மாள், "மதுரையிலேர்ந்து உன் பொண்டாட்டிய ரெண்டு மொழம் மல்லி வாங்கியாறச் சொன்னேனே, மறந்துட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தூரம் வீட்டுக்குள்ளேதான். பின்வாசல் வழியாக வெளியே வந்து, சுவரை ஒட்டிப் பதினேழு அடி நடந்தால் முன்வாசல். அம்சவல்லி இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நாலு மாதம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவள்தான் சுற்றி வந்தாள். கன்னியப்பன் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆண்பிள்ளை தன் வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைவது திருட்டுக்குப் போவது மாதிரி என்பது அவன் எண்ணம். ஆடிப் பதினெட்டு அன்று அவள் தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"பழைய டயரு அளவே போடுய்யா."

"நாலு பேரு திரும்பிப் பாக்குற வண்டிடி இது."

"நான் திரும்பிப் பாக்கல. நாளையிலேர்ந்து நீ சுத்தி வா. பதினேழு அடிதான்."

மறுநாள் தட்டு வரவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றான். சவாரி இல்லாத நாளில் முன்னறையில் பாயில் படுத்துக் கிடப்பான். அவள் அடுப்படியில் இருந்து "சோறு ஆயிடுச்சு" என்று தினமும் கூப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ஆடியில் ஒன்றேகாலுக்கு வந்தது. ஐப்பசியில் இரண்டு மணிக்கு மேல். எழுந்து சுற்றிப் போயிருந்தால் சோறு ஆறியிருக்கும், வேறொன்றும் கெட்டுப் போயிருக்காது. அவன் புரண்டு படுத்தான். தெருக்குழாயில் எதிர்ப்பட்டால் இருவரும் வேற்றூர்க்காரர்கள் போல ஒதுங்கிப் போனார்கள்.

கார்த்திகைக்குப் பிறகு குரல் வருவது நின்றது. குழாயடியிலும் ஆள் தென்படவில்லை. மழைக்காலம், அதனால் வெளியே வரவில்லை என்று நினைத்தான். தை பிறந்ததும், உப்பளத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். அவ்வளவு தொலைவில் இருந்து மனிதக் குரல் வராது என்றும் நினைத்தான். யாரிடமும் கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் விடியற்காலையில் மதார் பாய் கடை திறக்கும் முன்பே போய் நின்றான்.

பழைய அளவைப் போட்டால் தூரம் கூடாது, ஆனால் குறையவும் குறையாது என்றார் பாய். குறைய வேண்டுமானால் வண்டி ஓடாத தூரத்தையும் மீட்டர் காட்ட வேண்டும், அதற்குச் சின்ன டயர் வேண்டும். மாருதிக்குப் போடுகிற பன்னிரண்டு இன்ச் சக்கரத்தைப் பிரேக்கில் இடிக்காமல் எப்படியோ மாட்டினார். குஸ்திக்காரன் முட்டி போட்டது மாதிரி வண்டி இறங்கிப் போனது. ரோட்டில் பையன்கள் சிரித்தார்கள். நூறுக்கு ஏழு வீதம் தூரம் குறைந்தது. கழிக்க வேண்டியது மூவாயிரத்து நானூறு. கன்னியப்பன் சவாரி இல்லாவிட்டாலும் வெறும் வண்டியை ஓட்டினான். திண்டிவனம் போனான், திரும்பினான், செங்கல்பட்டு போனான், திரும்பினான். எட்டு மாதத்தில் மீட்டர் நாற்பத்தெட்டாயிரம் காட்டியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் பம்பாய் கழிந்தது, கன்னியாகுமரி கழிந்தது, மதுரை கழிந்தது. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏழு தப்படி வைத்ததும் அடுப்படியில் நின்றான்.

அடுப்பு சில்லென்றிருந்தது. சோற்றுப்பானை கவிழ்ந்திருந்தது. பின்கதவு வெளியே தாழ் போட்டிருந்தது.

சவரியம்மாளிடம் ஓடினான். அவள் முறத்தில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "கார்த்திகையிலயே போய்ட்டாளேப்பா. குயிலாப்பாளையத்துல விடுதியில சமையல் வேலை. டிரங்குப் பெட்டிய நான்தான் பஸ்ல ஏத்தினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. அவ சொல்லிட்டுதான் போனா. காலையில எட்டு மணிக்கு அடுப்படியில நின்னு உன்னாண்ட நல்லாதான் பேசினா. பத்தரைக்கு உன் வாசல்ல கேட்டுச்சு. நீ ஏர்போர்ட்டு போய்ட்டே."

"இன்னா சொன்னா?"

"புருஷன் பொண்டாட்டி பேச்ச நான் எப்பிடிப்பா வெளிய சொல்றது?" என்று சவரியம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்தாள். அப்போதும் சொல்லவில்லை, கடைசி வரையிலும் சொல்லவில்லை.

அன்றே அவன் குயிலாப்பாளையம் போனான். விடுதிப் பின்கட்டில் அம்சவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அவன் நின்றபடியே, "நாப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டரு ஓட்டியிருக்கேண்டி, உனுக்காக" என்றான்.

"ஓட்டுவே" என்றாள் அவள். "நடக்க மாட்டே." உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தவன் டயரை மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. சவாரி மட்டும் நடந்தது. வீட்டுக்குள் கழிப்பதற்குத் தூரம் மிச்சமில்லாததால் அடுப்படி முன்வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அடுத்த சவாரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறித் தெற்கே திரும்பியது. இரண்டு கல் சுவரும் ஓர் அடுப்பும் ஒரு பானையுமாகச் சாலையோரம் நிற்கும். பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்கள். கூனிமேட்டில் இரண்டு நாள் நின்றபோது மதார் பாய் அதன் நிழலில் டயர்களை அடுக்கி வைத்தார். ஐப்பசி முதல் வாரத்தில் அது குயிலாப்பாளையத்துக்கு வந்து விடுதிக்கு எதிரே நின்றது. அம்சவல்லி வெளியே வந்து பார்த்தாள். யாருடையது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டாம் பார்வை தேவைப்படவில்லை. உள்ளே போய் ஒரு தேங்காய் மூடி எடுத்து வந்து, குனிந்து, அடுப்பில் இருந்த சாம்பலைப் பாத்திரம் தேய்க்க அள்ளிக்கொண்டாள். சாம்பல் நல்ல நைஸாக இருந்ததாம். மறுநாள் காலையில் அடுப்படி புதுச்சேரிப் பக்கம் போயிருந்தது.