புக்கிட் தங்காவுக்கு அந்தப் பக்கம்

டாக்டர் இனிமேல் மோட்டார் ஓட்டலாம் என்று சொன்ன அந்த வாரமே, என் வீட்டுக்காரர் ஜெலுபு மலை ரோட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். முறிந்து கூடிய காலைப் பழக்க வேண்டுமாம். ராசாவில் எங்கள் வீட்டைச் சுற்றி ரோடே இல்லாத மாதிரியும், பாரோய் வரை போய்த் திரும்பினால் கால் பழகாத மாதிரியும் பேசினார். விழுந்த இடத்துக்கே போய் வந்தால்தான் பயம் தெளியும் என்று ஒரு தத்துவம் வேறு. தேவன் தத்துவம் பேசினால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். இதைக் கல்யாணமான முதல் வருஷமே நான் கண்டுகொண்டேன்.

நானும் வருகிறேன் என்றேன். மலை வளைவு உனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், பின்னால் ஆள் இருந்தால் பிரேக் பிடிக்காது என்று அடுக்கினார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் பக்கத்தில் போய் நின்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியக் கைத்தடியைச் சீட்டின் ஓரத்தில் ரப்பர் கயிற்றால் கட்டினார். கட்டி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு ஏன் இந்தச் சந்தேகம் என்று கேட்கலாம். போன மழைக்காலத்தில் ஒரு நாள், பாரோயில் டயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானம் போன் வந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து புக்கிட் தங்கா மலை வளைவில் கிடக்கிறார் என்றார்கள். பாரோய் எங்கே, புக்கிட் தங்கா எங்கே. தேய்ந்த டயரோடு ஈர இலையில் சறுக்கி விழுந்தாராம். தூக்கிவிட்ட ஒரு மலாய்க்காரர், மோட்டார் ராகாவில், அந்த முன் கூடையில், இருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பாக்கெட் பசும்பால், ஒரு முழம் மல்லிகைப்பூ.

எனக்கு அவர் பூ வாங்கிக் கொடுத்து எத்தனையோ தீபாவளி போய்விட்டது. எங்கள் மகள் ரோகினி கோலாலம்பூரில் காலேஜ் படிக்கிறாள். அப்பா அம்மாவுக்குப் பூ வாங்கி வந்ததை அவள் பார்த்ததே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ராகாவில் மல்லிகை என்றால் நான் என்ன நினைப்பது? அந்தப் பையை நான் ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவார், கேட்டபிறகு அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்த வேண்டும். அதனால் காலில் பிளேட் வைத்துப் படுத்திருந்தவரைத் தூக்கி உட்கார வைத்தேன், குளிப்பாட்டினேன், கஞ்சி கொடுத்தேன், போனையும் நோண்டிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாதவிதான் திட்டினாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, சூட்டோடு கேட்டிருக்கணும்லா என்றாள்.

பந்தாய் ஊரைத் தாண்டியதும் ரோடு ஏற ஆரம்பித்தது. கியர் மாற்றுவது இடது கால் வேலை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவர் தோள் ஒருதரம் சுருங்கியது. வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மனசு இளகத்தான் பார்த்தது, ஆனால் இவ்வளவு வலியைத் தாங்கிக்கொண்டு ஒரு மனிதன் யாரைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்ததும் மறுபடி இறுகிக்கொண்டது. கோலாலம்பூர்க்காரர்களின் பெரிய மோட்டார்கள் காதைக் கிழித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின. ஒரு வளைவில் சின்ன முனியாண்டி கோயில். எல்லாரும் அடிப்பது போல அவரும் ஹார்ன் அடித்தார். எப்போதும் ஒரு தடவைதான் அடிப்பார், அன்று மூன்று தடவை. முனியாண்டியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தபடியே நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விழுந்த இடத்தைக் காட்டுவார் என்று பார்த்தேன். அந்த வளைவில் அவர் நிற்கவே இல்லை. பயம் தெளிய வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலை உச்சியில்தான் நிறுத்தினார். வலது காலை ஊன்றி நின்றுகொண்டு முழங்காலைத் தடவினார். வலி ஜாஸ்தியாக இருக்கிறது, திரும்பிவிடலாமா என்று கேட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பசிக்கிறது, கீழே கோலா கிளவாங்கில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டதை ஹெல்மெட்டுக்குள் இருந்தும் கேட்டேன்.

கோலா கிளவாங் பஜாருக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. கேட்காமலே அங்கே திருப்பினார். கடைக்காரி என் வயசுதான் இருப்பாள். நல்ல நிறம், சிரித்த முகம், கழுத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் உட்காரும் முன்பே சீனி குறைத்த தே ஓ, பால் விடாத டீ, அவருக்கு முன்னால் வந்துவிட்டது. அவருக்குச் சீனி குறைக்க வேண்டும் என்பது போன வருஷம்தான் எனக்கே தெரியும்.

“அண்ணே, காலு இப்ப தேவலையா? பாத்து எவ்ளோ நாளாச்சு” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழே இல்லை, நேராக முகத்தை மட்டும், ரொம்ப நேரம். “இவங்கதானா?”

அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடுமா? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பெயர் கேட்டேன். நீலாவதி என்றாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவராம், இறந்துவிட்டாராம், கடை சொந்தக் கடையாம். நான் கேட்காததையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் ஒரு பால் பாக்கெட்டையும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். நேற்றுப் போன் பண்ணியதும் கோயில் பக்கம் போய் வாங்கி வைத்துவிட்டாளாம். இலை ஓரத்தில் மல்லிகை தெரிந்தது.

ரொட்டி சானாய் வந்தது. நான் ஒரு துண்டு பிய்த்தேன், வாய்க்குப் போகவில்லை. அவர் மடமடவென்று டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

“நீ இங்கயே உக்காந்திரு குமுதா. பக்கத்துல ஒரு எடத்துக்குப் போய்ட்டு சட்டுனு வந்துடறேன்.”

அதுவரை அடைத்து வைத்திருந்தது அப்போது உடைந்தது. கடையில் மூன்று நாலு பேர் இருந்தார்கள், எனக்கு அது தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கிடைத்த பையைச் சொன்னேன். பாரோய் டயரைச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என்னிடம் வைத்துக்கொள்ள வேண்டாம், இவளா இல்லை இவள் மூலமாக வேறு யாருமா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள், நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன் என்றேன். என் கை பட்டுத் தண்ணீர்க் கிளாஸ் உருண்டு விழுந்தது.

அவர் நீலாவதியைப் பார்த்தார். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மேசையைத் துடைத்தபடி, “சொல்லிருங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் நான் இதத்தானே சொல்றேன்” என்றாள்.

அவர் வெளியே போனார். பொட்டலத்தையும் பாலையும் ராகாவில் வைத்து, மோட்டாரைத் திருப்பி நிறுத்தி, ஏறு என்று கையை மட்டும் காட்டினார்.

தீத்தி போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போய் இடது பக்கம் மண் பாதையில் இறங்கியபோது, எனக்கு அந்த இடம் தெரிந்துவிட்டது. ஆற்றுமேட்டுத் தோட்டம். நான் வாழ வந்த ஊர். ரோகினி பிறப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டோம், அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அப்போது ரப்பர், இப்போது எல்லாம் எண்ணெய்க்கு வைத்த செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் கொட்டகை போட்டு வங்காளதேசத்துப் பையன்கள் இருந்தார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட மிச்சமில்லை. இங்கே எவள் இருக்கப் போகிறாள் என்று அப்போதும் நான் ஒவ்வொரு கொட்டகை வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். என் புத்தி அப்படி.

ஓடைப் பக்கம் பாதை முடிந்தது. சிமெண்டுக் கல்லறைகள் நாலைந்து லாலான் புல்லுக்குள் சாய்ந்து கிடந்தன. தோட்டத்து இடுகாடு. கல்யாணமாகி அங்கே இருந்த காலத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை, பொம்பளைகள் அங்கே போகக்கூடாது. அவர் கைத்தடியை அவிழ்த்து, ஊன்றி ஊன்றி நடந்து, கல்லறைகளைத் தாண்டி இரண்டு செம்பனை மரங்களுக்கு நடுவில் போய் நின்றார். அங்கே கல் ஒன்றும் இல்லை. யாரோ முன்பு பார்த்துப் பார்த்து வெட்டி வந்த மாதிரி கொஞ்சம் தரையில் மட்டும் புல் மற்ற இடத்தைவிடக் குட்டையாக இருந்தது.

“நம்ம பெரியவன்” என்றார்.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பிரசவத்தில் எனக்கு ரத்தம் போய், நினைவு தப்பி, கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறந்த அன்று சாயங்காலம் வரை உயிரோடு இருந்தானாம். என் மாமனார் சன்னாசியும் இவருமாக எடுத்துப் போய் அடக்கம் பண்ணினார்கள். எந்த இடம் என்று நான் கேட்டேன். மாமியார் என் வாயைப் பொத்தினார். பெற்றவளுக்குக் குழி தெரியக்கூடாது, தெரிந்தால் அவள் கால் அங்கேயே போகும், அடுத்த பிள்ளை தங்காது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். மாரில் கட்டின பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அந்த வாசனையில் நான் குமட்டியதைப் பார்த்தவர் இவர்தான். இவர் எனக்குப் பூ வாங்குவதை எப்போது நிறுத்தினார் என்று அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

“அம்மா கற்பூரம் அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டாங்க, ஒங்கிட்ட எடத்த சொல்லவே கூடாதுன்னு” என்றார். “ரோகினி பொறந்தப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அவளுக்கு ஒவ்வொரு தடவ காய்ச்சல் வரும்போதும் பயந்துட்டேன்.”

அம்மா போய், அப்பா போய், இனி இந்த இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்த நாளுக்கு வந்து, புல்லை வெட்டி, பூவை வைத்து, பாலை ஊற்றிவிட்டுப் போவாராம். புல் வெட்டும் கத்தியும் குடிக்கத் தண்ணீரும் நீலாவதி கடையில் வாங்கிக்கொள்வாராம். போன மழைக்காலத்தில் போகும்போதுதான் சறுக்கியது, அப்போது விட்டுப்போனதற்குத்தான் கால் தேறியதும் கிளம்பினாராம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். வேறொரு பெண் இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். அவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றார். “என் புள்ளைய நீங்க மட்டும் வந்து பாத்துட்டுப் போனீங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடித்து ஓய்ந்த பிறகு, இந்த இடம்தானா என்று கேட்டேன். அவர் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடையாளத்துக்கு ஒரு ஜம்பு மரம் இருந்ததாம். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது அதையும் தள்ளிவிட்டார்கள். ஓடையின் வளைவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். இரண்டு அடி அந்தப் பக்கம் இருக்கலாம், இந்தப் பக்கமும் இருக்கலாம். “சரியாத் தெரியாது குமுதா. சுமாரா இங்க” என்றார். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

பால் பாக்கெட்டை அவர் பல்லால் கிழிக்கப் போனார். கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இது நான் கொடுக்க வேண்டியது. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரைக்கும், ஓர் இடம் விடாமல், குனிந்து நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். எங்கே இருந்தாலும் அவனுக்குச் சேரட்டும்.

பிறகு தரையிலேயே உட்கார்ந்தேன். அவரால் முழங்காலை மடக்க முடியாது, காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்க முடியாததை அவரிடம் கேட்டேன்.

“மொகம் எப்படி இருந்துச்சு?”

“கண்ணே தெறக்கல” என்றார். “புருவத்த மட்டும் சுருக்கி வச்சிருந்தான். நான் தூக்குனேன். யாருடா நீ, ஒன்ன நம்பலாமான்னு கேக்குற மாதிரியே இருந்துச்சு. அப்படியே ஒன்ன மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாகிவிட்டது. ஒரே கதையை இரண்டு தடவை சொல்ல வைத்தால் பொய் எங்கேயாவது பிசகும் என்பது என் கணக்கு. எத்தனையோ தடவை அவரை அப்படி மடக்கியிருக்கிறேன். அன்று நான் அதற்காகக் கேட்கவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.