மச்சான் போடும் ரன்வே

என் மகள் இளவேனிலுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. காரணம், அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவில் என் மச்சான் கலையரசன் போட்டுக்கொண்டிருக்கும் ரன்வே. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் குழந்தையின் காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், என் மனைவி ரஞ்சனியிடம் பேசிப் பார்க்கலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டுமாம். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

முதல் தடவை சமயபுரத்தில் மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. கடல் சரியில்லை, கப்பல் கிளம்பவில்லை என்றான். அடுத்த தடவை மழையில் ரன்வேயின் ஒரு முனை உள்வாங்கிவிட்டது. சூப்பர்வைசர் நானே எப்படிக் கிளம்புவது என்றான். அதற்கடுத்து, தார் ஏற்றிய கப்பல் வந்து சேரவில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். அழுகும் சரக்கோடு மல்லுக்கட்டுவதுகூட இவனோடு மல்லுக்கட்டுவதைவிட லேசு. மொட்டைத் தலையும் வெறுங்காதுமாக இருந்த குழந்தையைப் பார்த்து, "பையன் பேரு என்னங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யார் மடியா இருந்தா என்ன? என் மடியில வச்சுக் குத்திடலாம்."

"நீங்க தாய்மாமனா?" என்பாள் ரஞ்சனி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தத் தை மாதம் ஒருவழியாக ரன்வே முடிந்தது. "மாமா, முதல் பிளேன்லயே எனக்கு சீட் கிடைச்சிருச்சு. இனிமே கப்பலை நம்ப வேணாம்" என்றான். மறுபடியும் மண்டபம், மறுபடியும் பத்திரிகை.

முந்தின நாள் முழுக்க அவன் போன் கிடைக்கவில்லை. பிளேனில் இருப்பான் என்று நம்பினோம். காலையில் ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது.

"மாமா, திட்டாதீங்க. நேத்து சிக்னலே இல்ல. நான் இன்னும் தீவுலதான் இருக்கேன்."

"நீயும் உன் ரன்வேயும் நாசமாப் போக!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ரஞ்சனி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நேத்து இங்க ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்க கிடந்துச்சு. குட்டி பிளேன்க்கா, எல்லா சீட்டும் நிறைஞ்சிருச்சு. நான் இறங்கி அவளை ஏத்திவிட்டேன். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில ரெண்டு உசுரும் பொழைச்சிருச்சாம். கப்பல்னா வழியிலேயே போயிருக்கும்க்கா."

 ரஞ்சனி தம்பிக்காகப் போட்டிருந்த ஜமக்காளத்தில் தானே உட்கார்ந்து, இளவேனிலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போனைப் பக்கத்தில் வைத்தாள்.

"குத்துங்க ஆசாரி. அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே. யார் மடியா இருந்தா என்ன?"

இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை மண்டபம், எத்தனை பத்திரிகை, குழந்தைக்கு எத்தனை அழுகை! இன்று கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன்.

ஊசி இறங்கியது. இளவேனில் வீறிட்டாள். போனுக்குள்ளிருந்து அவளைவிடச் சத்தமாக என் மச்சான் அழுதான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.