ஆடாமல் அசங்காமல்

அவசரத்துக்கு டிவிடி காப்பி எடுத்தால், அசையாத எதையும் வீடியோ கடை மைதீனின் மிஷின் அதில் எழுதாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆவுடையப்பனுக்கும் தெரியும். இருந்தும் மனைவி கோமுவின் சாவு வீட்டு டிவிடியை முதலில் அவசரக் காப்பியாகத்தான் வாங்கிப் போனார்.

மாரடித்த பெண்கள் அதில் பதிவாகி வந்திருந்தார்கள். சங்கு ஊதியவன் வந்திருந்தான். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டே இருந்ததால் அதுவும் வந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மஸ்கட்டில் இருக்கும் மகன் பரணிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் அழுகையே வரமாட்டேன் என்கிறது என்று போனில் சொல்லியிருந்தான். காலிப் பெட்டியைப் பார்த்து எவன் அழுவான், பாவம். ஆவுடையப்பன் மறுபடி கடைக்கு வந்தார்.

"முகம் தெளிவா வேணும், தம்பி."

"அப்ப நேரமாகும், அண்ணாச்சி. ஆடாம அசங்காம உக்காந்திருக்கணும். நீங்க அசைஞ்சா மிஷின் உங்களைப் பார்க்கப் போயிரும்."

"எவ்வளவு நேரம்?"

"அது முகத்தைப் பொறுத்து."

பெஞ்சில் ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். வந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். அவர்கள் உடம்பின் ஊடாகப் பின்சுவர்க் காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. ஆவுடையப்பன் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

திரையில் கோமு கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். முதலில் நெற்றிப் பொட்டு, அப்புறம் மூக்குத்தி. ஆவுடையப்பன் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அவள் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்தது. பதறிப்போய்க் கையை மடியில் போட்டுக்கொண்டார். கன்னம் மெல்லக் கூடியது. கண்ணீரும் அசைவுதான் என்று மைதீன் கடிந்துகொண்டான். அதையும் நிறுத்திக்கொண்டார்.

கண்ணிமை மட்டும் பாக்கி. கடை செல்போனில் வீடியோ கால் வந்தது. பரணிதான்.

"அம்மா வந்துட்டாங்க, அவ்வளவு தெளிவு," என்றான் மைதீன். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். "அப்பாவா? இங்க இல்லையே."

ஆவுடையப்பன் குனியாமல் தன் மடியைப் பார்த்தார். பெஞ்சுப் பலகை தெரிந்தது. ஒரு விரலை ஆட்டினால் போதும், மைதீன் கண்ணில் பட்டுவிடுவார். இமை இன்னும் வந்து சேரவில்லை. அவர் ஆட்டவில்லை.

இமை வந்தது. மைதீன் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தான். பரணி வாய்விட்டு அழுதான்.

அப்பாடா என்றிருந்தது ஆவுடையப்பனுக்கு. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதுவும் மைதீன் கண்ணில் படவில்லை.

மைதீன் பெஞ்சில் அவர் இருந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, வாசலில் நின்ற ஆளை அங்கே வந்து உட்காரச் சொன்னான்.