ரோஜா கலர் தேங்காய் மிட்டாய்

மகள் தங்கபுஷ்பத்தின் மூத்திரம் சிவப்பாகப் போனதைக் கண்டு தேவப்பிரியம் பதறிப்போனாள். இரத்தம் என்றுதான் நினைத்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாந்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "சூடா இருக்கும், மோரைக் குடு" என்று சொல்லிவிட்டுக் கணவன் ராசையா மளிகைக் கடையைத் திறக்கப் போய்விட்டான். தேவப்பிரியம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் தங்கபுஷ்பத்தின் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு முழுக்க ரோஜா நிறத்தில் கறை.

"ரத்தம் இல்லம்மா, சாயம். துணிக்குப் போடற சாயம். இதே மாதிரி காலைல இன்னும் ரெண்டு பிள்ளைங்க வந்துச்சு. எல்லாம் ஒரே பள்ளிக்கூடம். வாசல்ல என்ன விக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க."

"என்னத்தடி தின்ன?" என்றாள் தேவப்பிரியம்.

"தேங்காய் மிட்டாய். நான் வாங்கலம்மா. எங்க கிளாஸ் ஜெரினா பாதி குடுத்தா."

"அந்த ஜெரினாவும் காலைல வந்த பிள்ளைதான்" என்று சொல்லி டாக்டர் மருந்து கலந்து கொடுத்தார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு, அவிழ்ந்த கொண்டையைக்கூட முடியாமல் தேவப்பிரியம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வாசலில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரசூல் பீவி உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த புருஷன் செத்த பிறகு, வீட்டில் மிட்டாய் கிண்டி விற்றுத்தான் அவள் பிழைத்தாள். அவள் முன்னால் தகரத் தட்டு நிறையக் கண்ணைப் பறிக்கும் ரோஜா கலரில் துண்டுகள்.

தேவப்பிரியம் ஒன்றும் கேட்கவில்லை. காலால் ஓங்கி ஓர் உதை. தட்டு தெருவின் மறுபக்கம் போய் விழுந்தது.

"பிள்ளைகளுக்கு விஷத்தையா விக்க? எம் பிள்ளை சிவப்பு சிவப்பா மோண்டுக்கிட்டுக் கெடக்கா. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ரசூல் பீவி அழுவாள், காலில் விழுவாள் என்று வேடிக்கை பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா, சும்மா கத்திகினு கீற? சாயத்த நானா காச்சினேன்? மிட்டாய்க்குப் போடற கலர்னு கடைல குட்த்தான், வாங்கிப் போட்டேன். எம் பேத்தியும் இதத்தான் துன்னா. அதுவும் வூட்ல வாந்தி எட்த்துகினு கீது."

"எந்தக் கடை?"

"உன் வூட்டுக்காரன் கடைதாம்மா! வேற எந்தக் கடை?"

"பொய் சொல்லாத!"

"பொய்யா? வா. நேரா வந்து கேளு."

சத்தம் கேட்டு வெளியே வந்த ஆலிஸ் டீச்சர் பிள்ளைகளை உள்ளே விரட்டினார். ரசூல் பீவி தேவப்பிரியத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தேவப்பிரியம் கையை உதறினாள். ஆனாலும் கூடவே நடந்தாள். பட்டணத்தில் டிராம் நின்றுபோன மறுவருஷம் அது. தண்டவாளம் பிடுங்கிய பள்ளங்களைத் தாண்டி, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே இரண்டு பேரும் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ராசையா பருப்பு அளந்துகொண்டிருந்தான். ரசூல் பீவியைப் பார்த்தான், பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். படி கையிலேயே நின்றது.

"மிட்டாய் கலர் குடு நைனா" என்றாள் ரசூல் பீவி.

அவன் அசையவில்லை. தேவப்பிரியம் உள்ளே ஏறினாள். பலகைக்கு அடியில் இருந்த தகர டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தாள். கறுஞ்சிவப்புப் பொடி. வண்ணாரப்பேட்டையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் வாங்கிப்போகும் அதே பொடிதான். பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்தும் வைத்திருந்தான்.

"இதையா குடுத்தீங்க?"

"கத்தாத. ஆளுங்க பாக்காங்க. எல்லாக் கடையிலயும் இதத்தான் விக்காங்க. திங்கிற கலரு வெலை ஜாஸ்தி. இவ வாங்குவாளா?"

"கேட்டியா நீ? எங்கைல ஒரு வார்த்த கேட்டியா?" என்று கத்தினாள் ரசூல் பீவி.

"உங்க மகளே சாகக் கெடக்கா!" என்றாள் தேவப்பிரியம்.

"அவளுக்கு யாரு வாங்கிக் குடுத்தா? பள்ளிக்கூடத்து வாசல்ல எதையும் தின்னக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேனே!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தேவப்பிரியம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பிள்ளைக்கு மட்டும் சொல்லியிருக்கிறான். ஜெரினாவுக்குச் சொல்லவில்லை, ரசூல் பீவியின் பேத்திக்குச் சொல்லவில்லை. தெரியாமல் செய்தவன் என்றால் மன்னித்திருப்பாள்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான். முழங்கையால் இடித்துத் தள்ளினாள். பொடி முழுவதும் சாக்கடையில் விழுந்தது. தண்ணீர் கறுப்பும் சிவப்புமாகத் தெரு நீளத்துக்கும் ஓடியது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"எந் தட்டுக்கு இன்னா வழி?" என்றாள் ரசூல் பீவி. அவளுடைய கோபமும் அடங்கவில்லை.

தேவப்பிரியம் திரும்பக் கடைக்குள் போய், ஒரு சிப்பம் வேர்க்கடலையும் ஒரு மண்டை வெல்லமும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். "உருண்டை பிடிச்சு வில்லு. கலரு வேண்டாம்."

"பசங்க வாங்காட்டி?"

"வாங்காட்டி என்னை வந்து கேளு."

"கேப்பேன். வுட மாட்டேன்" என்று சொல்லி, மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரசூல் பீவி போனாள்.

மதியம் ராசையா சாப்பிட வந்தான். சோறு இல்லை. தங்கபுஷ்பம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மகளின் நெற்றியைத் தொடப் போனான்.

"தொடாதீங்க" என்றாள் தேவப்பிரியம். "ஜெரினா வீட்டுக்கும் ரசூல் பீவி வீட்டுக்கும் போங்க. அந்தப் பிள்ளைங்க படுத்திருக்கிறத உங்க கண்ணால பாருங்க. என்ன விக்கிறோம்னு தெரிஞ்சேதான் வித்தேன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

ராசையா சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது திரும்பிவந்தான். ஜெரினாவின் அப்பா லியாகத் அலி துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அவர் கை பட்ட இடத்தில் ராசையாவின் கன்னம் வீங்கியிருந்தது, சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

"ஜெரினாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் தேவப்பிரியம்.

"வாந்தி நின்னுட்டு. எந்திரிச்சு உக்காந்திருக்கு." தொங்கிய சட்டைப்பையைக் கிழித்தெடுத்துக்கொண்டே, "பீவியோட பேத்தி என்னைப் பாத்து மாமான்னு கூப்பிட்டா" என்றான். மகளைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தான்.

தேவப்பிரியத்துக்குக் கோபம் துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் சோற்றுக்கு உலையை ஏற்றினாள்.