போசி மறைத்த மூலை

திருமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. கேமரா விஷயத்தில் அவருக்கிருந்த பெருமையில் கால்வாசியைக் குறைத்துக்கொண்டிருந்தால் நல்லானுக்கு அந்தச் சங்கடம் வந்திருக்காது, அவ்வளவுதான். திருப்பூரில் ஸ்டுடியோ வைத்துப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமா, கம்பெனி பூஜையா, அவர்தான்.

அறுபத்துநாலாம் வருஷம் கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர் அவரிடம், "ஹூட் மாட்டாமப் படம் எடுக்கறவனெல்லாம் போட்டோகிராபரே இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். விற்கிறவர் சொல்லத்தானே செய்வார்! வெயில் நேராக லென்ஸில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும். அது விழாமல் மறைக்கிற குழல்தான் ஹூட். எதிர் வெயிலுக்கு அது வேண்டியதுதான். ஆனால் எப்போது மாட்ட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அவருடைய பெரிய மரக் கேமராவுக்குப் பொருந்துகிற ஹூட் கடையில் கிடைக்கவில்லை. நேராக அனுப்பர்பாளையத்துக்குப் போய், பித்தளைப் பாத்திரம் தட்டுகிற பொங்கியண்ணனிடம் லென்ஸின் அளவைக் கொடுத்தார். இரண்டு விரற்கடை நீளம் போதும் என்று சொன்னார். ஒரு வாரம் கழித்துப் போனால் நான்கு விரற்கடையில், அடியில்லாத போசிப் பாத்திரம் மாதிரி ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உள்பக்கமும் மெருகு! முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"ஏனுங்க, ரெண்டு விரக்கடைதானுங்களே சொன்னேன்?"

"சொன்னீங்க. நாலு பேரு பாக்கற சாமான். குறைச்சலாச் செஞ்சு குடுத்தா என்ற பேரு என்னாவறதுங்க?"

உள்ளே மெருகு இருந்தால் வெளிச்சம் பட்டுத் தெறித்து லென்ஸிலேயே விழும். திருமூர்த்திக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்து விளக்குக் கரியைக் குழைத்து உள்ளே பூசினார். நீளத்தைக் குறைத்தாரா? இல்லை. கேமராவின் மூக்கில் அது மினுங்குகிற அழகு அவரை மயக்கிவிட்டது. ஊரும் 'போசி கேமராக்காரர்' என்று பேர் வைத்துவிட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஞானசம்பந்த முதலியாரின் பனியன் கம்பெனியில் குரூப் போட்டோ. முதலியார் இதில் கறார். வாரச் சம்பளம் வாங்குகிற கம்பெனி ஆட்கள்தான் வரிசையில் நிற்கலாம். பூஜைக்கு வந்த சொந்தக்காரர்கள், வண்டிக்காரர்கள், ஒருநாள் கூலிக்கு வந்தவர்கள் எல்லாரும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பிளீச்சிங் தொட்டியில் வேலை செய்கிற நல்லான் பின்வரிசை பெஞ்சின் மேல் நடுவில் ஏறி நின்றான். தொட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தான். ஈர வேட்டி, திட்டுத் திட்டாக வெளுத்த சட்டை.

"நல்லா, நீ சித்தெ ஓரமாப் போ. நடுவுல நின்னா படம் கெட்டுப்போகும்" என்றார் திருமூர்த்தி.

"சரிங்க சாமி" என்று அவன் வலது கோடிக்குப் போனான்.

வாசல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் ஆட்களின் முகத்தில் அடித்தது, திருமூர்த்தியின் முதுகைச் சுட்டது. போசிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் மாட்டினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவின் பின்கண்ணாடியில் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்தார். மூலைகள் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் கண்ணாடியில் மூலை எப்போதுமே மங்கல்தான் என்று விட்டுவிட்டார். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி இரண்டு பிளேட் எடுத்தார்.

கழுவிப் பார்த்தார். இரண்டு பிளேட்டிலும் நான்கு மூலையையும் நீளம் அதிகமான போசி மறைத்துத் தின்றிருந்தது. கீழ் மூலைகளில் தரை, போனால் போகட்டும். மேலே இடது மூலையில் வேப்பங்கிளை. மேலே வலது மூலையில் நல்லான். அச்சுப் போட்டால், இடுப்புக்குக் கீழே ஒரு வேட்டி, மேலே கன்னங்கரேல்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். மறுபடி எடுத்திருக்கலாம். பாவி மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? முட்டை வடிவத்தில் ஓட்டை போட்ட அட்டை ஒன்றைப் படத்தின் மேல் ஒட்டி, மூலைகளை மறைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். "பம்பாய்ல இப்ப இதுதானுங்க பேசன்" என்று வேறு சொன்னார். முதலியார் அசந்துபோனார். ஊரே முட்டை அட்டை கேட்டது.

இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் மத்தியானம் நல்லான் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றான். கை கால் முழுக்கப் புண்.

"மருந்துத் தண்ணி பட்டுப் பட்டு இப்பிடி ஆயிப்போச்சுங்க சாமி. வேற வேலைக்கு மாத்துங்கன்னு கேட்டனுங்க. நீ நம்ம கம்பெனி ஆளே இல்லைன்னுட்டாங்க. ரிஜிஸ்டர்லயும் என்ற பேரு இல்லீங்களாம்."

"அட கெரகமே!"

"யூனியன்ல எழுதிப் போட்டிருக்கறாங்க. லேபர் ஆபீசர் வெசாரிக்கறாராமுங்க. அந்தப் பூசைப் படத்துல நான் நின்னனுங்களே? கம்பெனி ஆளுக மட்டுந்தானே அதுல நிக்கோணும்? நீங்க வந்து அந்த அட்டையப் பிரிச்சுக் காட்டுனாப் போதுமுங்க. என்ற மூஞ்சி உள்ளாறதானுங்களே இருக்குது?"

திருமூர்த்தி அட்டைக்கு உள்ளே கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "வர்றேன், போ" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் முதலியார் கூப்பிட்டு அனுப்பினார். காப்பி கொடுத்தார். "உங்களையும் கூப்பிட்டிருக்கறாங்களாமுங்க? போங்க, வேண்டாங்கல. ஆனா நம்ம பேரக் கெடுத்துக்கறாப்பல ஒண்ணும் பேசிப்போடாதீங்க. ஊரெல்லாம் உங்க முட்டைப் படந்தான் தொங்குது, பாத்துக்குங்க." திருமூர்த்தி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே மனைவி சாரதாமணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் விடுவாளா?

"ஓரமாப் போன்னு தொரத்துனதும் நீங்க. போசிய மாட்டி மறைச்சதும் நீங்க. அட்டைய ஒட்டுனதும் நீங்க. இனி வாயையும் ஒட்டிக்கப் போறீங்களாக்கும்?"

"ஊரு சிரிக்குமே சாரதா."

"சிரிக்கட்டும். அவன் ஊட்டுல சோறில்லீங்க!"

விசாரணை நாளன்று காலையில் குதிரை வண்டியில் கேமராவையும் ஸ்டாண்டையும் அவளே ஏற்றினாள். போசியைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தாள். "உங்களுக்கு வாய் வராட்டி இதையாச்சும் காட்டுங்க" என்றாள்.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த படத்தின் கண்ணாடிச் சட்டத்தைப் பிரிக்கச் சொன்னார் ஆபீசர். கம்பெனி வக்கீல், யூனியன்காரர், முதலியார் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நல்லான் எல்லாருக்கும் பின்னால் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தான். சிரித்த முகம். அட்டை பிய்ந்து வந்தது.

மூலை கறுப்பாக இருந்தது.

நல்லானின் முகத்தைத் திருமூர்த்தியால் பார்க்க முடியவில்லை. வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். செத்துப்போகலாம் போலிருந்தது அவருக்கு.

"வேட்டி தெரியுதுங்க. திருப்பூர்ல வேட்டி கட்டாதவன் யாரு?" என்றார் வக்கீல்.

ஆபீசர் பேனாவை மூடப்போனார். திருமூர்த்தி எழுந்தார்.

"அங்க நின்னது நல்லான்தானுங்க. நடுவுல நின்னவனை நான்தான் ஓரத்துக்கு அனுப்பினேன். இருட்டு அவன் குத்தமில்லைங்க, என்ற குத்தம்."

"இருட்டுக்குள்ளே நின்றவரை எப்படிச் சார் அடையாளம் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் ஆபீசர்.

"சித்தெ வெளிய வாங்க. காட்டறேனுங்க."

முற்றத்தில் கேமராவை நிறுத்தினார். போசியை மாட்டினார். அன்றைக்கு நின்ற அதே தூரத்தில், பலகை மேல் நல்லானை ஏற்றி, கண்ணாடியின் கோடியில் வருகிற மாதிரி நிறுத்தினார். அன்றைக்குப் போலவே லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிவிட்டு ஆபீசரைக் கறுப்புத் துணிக்குள் கூப்பிட்டார்.

"வேட்டிதான் தெரிகிறது. தலை இல்லையே" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

திருமூர்த்தி போசியைக் கழற்றினார்.

"இப்போது தெரிகிறார். முழுசாகத் தெரிகிறார்."

வக்கீல் விடவில்லை. "பதினாறு வருஷமாப் படம் எடுக்கறவருங்க நீங்க. இதை எப்ப மாட்டோணும்னுகூட உங்களுக்குத் தெரியாதா?"

வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் முட்டைப் படம் தொங்குகிறது.

"தெரியலீங்க" என்றார் திருமூர்த்தி. "வெயில் என்ற முதுகுல அடிச்சுது. மாட்டவே வேண்டியதில்லைங்க. அழகுக்கு மாட்டினேன். கெட்டுப்போனது தெரிஞ்சு அட்டைய ஒட்டினேன். பம்பாய் பேசனும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க."

யாரோ சிரித்தார்கள். முதலியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆபீசர் நல்லானின் பேரையும் தகப்பன் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். கம்பெனி வரிசையில் நின்றவர் என்று ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வாய்தாவில் மீதியைப் பார்ப்பதாகவும் சொன்னார். யூனியன்காரர் திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நல்லான் பலகையிலிருந்து இறங்கி வந்தான். கும்பிடவில்லை.

"அன்னைக்குக் கடைக்கு வந்தப்பவே உள்ள ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்களே சாமி. என்ற பொண்டாட்டி புள்ளைககிட்டயெல்லாம் மூஞ்சி இருக்குது, மூஞ்சி இருக்குதுன்னு சொல்லி வெச்சிருந்தனுங்க."

"பயமா இருந்துச்சு நல்லா. பேரு போயிருமேன்னு."

"எனக்குந்தானுங்க பயம்" என்றான் நல்லான். "இருந்தும் வந்தனுங்களே."

திருமூர்த்தி ஸ்டாண்டின் கால்களை மடக்க ஆரம்பித்தார். திருகாணி ஒன்று கழன்று கீழே விழுந்தது. நல்லான் குனிந்து, புண்ணான விரல்களால் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.