மூன்று நன்மைகள்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கைப்பட வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நான்காம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு விளையாட்டு வகுப்பு, புதன்கிழமை கடைசி மணி. அதுவும் முழுசாகக் கிடைக்காது. சரியாக மணி அடிக்கும்போது கணக்கு டீச்சர் வாசலில் நிற்பார். "இன்னிக்கு மட்டும் விட்டுக் குடுங்களேன், பாடம் முடியல." அந்த 'இன்னிக்கு மட்டும்' எட்டு வாரமாக நடந்தது.

எனக்கு எரிச்சல், எனக்காக என்பதைவிட வெட்டுக்கிளிக்காகத்தான். அந்த வகுப்பில் ஒரு ஒல்லிக்குச்சிப் பெண்; நான் வைத்த பட்டப்பெயர் அது. எழுத்துகள் அவளுக்குப் பிடிபடவே பிடிபடாது; எல்லாப் பாடத்திலும் தட்டுத் தடுமாறி முப்பத்தைந்தைத் தொட்டுவிடுவாள். ஆனால் ஓடவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன்களே வாயைப் பிளப்பார்கள். பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் பந்தயத்துக்கு அவள் பெயரைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். வாரம் முழுக்க அவள் அந்தப் புதன்கிழமைக்காகத்தான் பள்ளிக்கூடம் வந்தாள்.

யோசித்தேன். விளையாட்டுக்கு மார்க் இல்லை, அதனால்தானே ஆளாளுக்குப் பிடுங்குகிறார்கள்? மார்க் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். படித்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நல்ல யோசனை. மத்த பாடம் மாதிரியே வச்சுடலாம். எழுத்துத் தேர்வு, நூறு மார்க்."

"எழுத்தா? ஓடவிட்டுப் பாத்து மார்க் போடலாம்னு நெனச்சேன் மேடம்."

"ஓடினதுக்கு என்னம்மா ஆதாரம்? நாளைக்கு மேலிடத்துலேர்ந்து வந்து கேட்டா எதைக் காட்டுறது? பேப்பர்தான் ஃபைல்ல நிக்கும்."

அடுத்த புதன்கிழமை கணக்கு டீச்சர் வாசலுக்கு வரவில்லை. அந்த மட்டில் ஜெயித்தேன். ஆனால் மைதானத்துக்கும் யாரும் போகவில்லை. நான் கரும்பலகையில் எழுத, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். வெட்டுக்கிளி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வில் பெரிய கேள்வி: ஓடுவதால் உடலுக்கு ஏற்படும் மூன்று நன்மைகளை எழுதுக. வெட்டுக்கிளி கோணல்மாணலாக ஒரே வரி எழுதியிருந்தாள். 'ஓடினா நல்லா இருக்கும்.'

இதைவிடச் சரியான பதிலை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. முழு மார்க் போட்டேன். தலைமையாசிரியை விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். சிவப்பு மையால் அடித்து, கூட்டிப் போட்டு, இருபத்தொன்று என்று வட்டமிட்டார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எதிர்த்துப் பேசத்தான் நினைத்தேன். "மார்க் கேட்டது நீங்கதானேம்மா?" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

எந்தப் பாடத்தில் தோற்றாலும் பந்தயத்துக்கு அனுப்பக்கூடாது என்பது பள்ளியின் பழைய விதி. தோற்றவர்களுக்குப் புதன்கிழமை கடைசி மணியில் சிறப்பு வகுப்பு. கணக்கிலும் மொழியிலும்கூடத் தப்பித்திருந்த பெண், விளையாட்டில் தோற்றாள். வகுப்பிலேயே தோற்றவள் அவள் ஒருத்திதான்.

இந்தப் புதன்கிழமை மற்ற பிள்ளைகளைக் கணக்கு டீச்சர் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். தேர்வு முடிந்துவிட்டதல்லவா, இனி விளையாடலாம். காலி வகுப்பறையில் நானும் அவளும். வெளியே கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"டீச்சர், ஓட்டத்துலயா நான் ஃபெயிலு?"

"ஓட்டத்துல இல்லம்மா. எழுதினதுல."

"அந்த மூணையும் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். இரத்த ஓட்டம் சீராகும். தசைகள் வலுப்பெறும். மனம் உற்சாகமடையும். உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். எதுவுமே மனதில் நிற்காத பெண், கால் மணி நேரத்தில் எழுந்து நின்று, கைகட்டி, மூன்றையும் ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தாள். ஒப்பித்த கையோடு மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

"இப்ப போலாமா டீச்சர்?"

அடுத்த தேர்வு நான்கு மாதம் கழித்து. பந்தயம் சனிக்கிழமை, அவள் பெயரை அடித்த பட்டியல் காலையிலேயே என் கையெழுத்தோடு போய்விட்டது.

"உக்காரும்மா" என்றேன்.