படிக்கட்டில் நின்றவள்

வேம்புலியம்மாளை வேலையை விட்டு நிறுத்தக் கேமராதான் சாட்சி. முகப்பேரில் அவள் பெருக்கித் துடைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ராஜசேகரன், தன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். முதல் மாடித் திருப்பத்தில் துடைப்பத்தோடு நிற்கிறாள். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாம் மாடியில் பால் பாக்கெட் எடுக்க வந்த அனுசுயாவிடம் ஏதோ பேசிக்கொண்டு நிற்கிறாள்.

“மாடிக்கு மாடி அஞ்சு நிமிஷம் கதை. சம்பளம் பெருக்கறதுக்கா, ஊர்வம்புக்கா? இந்த மாசத்தோட நின்னுக்கோ.”

“கதை இல்ல சார். மூச்சு வாங்குது.”

“அறுபத்தொரு வயசுல வாங்காம என்ன பண்ணும்? அதான் சொல்றேன், நின்னுக்கோ.”

அவள் பேசியது உண்மைதான். சும்மா நின்றால் கிழவிக்கு முடியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மருமகள் வந்துட்டாளா, மாவு புளிச்சுதா என்று எதையாவது கேட்டு வைப்பாள். கேட்டால் போதும், பதிலை அவர்களே நீட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் மூச்சு திரும்பிவிடும். லிஃப்ட் இல்லாமல் இல்லை. அதன் கதவுக்குப் பக்கத்தில் ‘பணியாளர்கள் படியைப் பயன்படுத்தவும்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது.

டாக்டரிடம் போகாமலா இருந்தாள்? கோவில்பதாகையில் வீட்டுப் பக்கத்திலேயே மூன்று பேரைப் பார்த்தாயிற்று. ஒருவர் கேஸ் என்றார். ஒருவர் இருமல் டானிக் எழுதினார். மூன்றாமவர், “பீடி பிடிப்பியா?” என்றார்.

“இன்னா சார், என்னப் பாத்து இப்டி கேக்குற?”

“அப்போ ஒண்ணுமில்ல. வயசு.”

அம்பத்தூர் எஸ்டேட் மெஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் மரத்தூள் அடுப்புக்கு முன்னால் குந்தி இட்லி அவித்தவள் அவள். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. புகை பீடியிலிருந்து மட்டும்தான் வரும் போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழே கார் நிறுத்துமிடத்தில் மூத்த குடிமக்களுக்கு இலவச நுரையீரல் முகாம். நாலாவது மாடி அறையிலிருந்து நாற்காலிகளை இறக்குவது வேம்புலியின் வேலை. அவள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பெரியவர்கள் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு குழாயில் ஊதினார்கள். “ஊதுங்க, இன்னும், இன்னும், விட்டுடாதீங்க!” என்று முகாமுக்கு வந்த இளம் டாக்டர் ஜெபிஷா தொண்டை கட்டக் கத்தினாள்.

முப்பத்தொரு பேர் ஊதியதில் ஒன்பது பேருக்கு அளவு குறைந்தது. ஒன்பது பேரும் சொல்லிவைத்தாற்போல், “வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்” என்றார்கள். ராஜசேகரன் அதில் ஒருவர்.

“நூறு இருக்க வேண்டிய எடத்துல ஐம்பத்தொண்ணுதான் சார் இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்கலயா?”

“நான் எங்கம்மா ஏறறேன்? லிஃப்ட்லதானே போறேன்.”

ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். ஜெபிஷா உறிஞ்சும் மருந்து ஒன்றைச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தாள்.

வேம்புலி கடைசி நாற்காலியை இறக்கிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவள் கழுத்தடியில் குழி விழுந்தது. ஜெபிஷா அதைப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, நீங்க ஊதினீங்களா?”

“அவ இங்க குடியிருக்கல டாக்டர், வேலை செய்யறவ,” என்றார் ராஜசேகரன்.

“பேனர்ல மூத்த குடிமக்கள்னுதானே போட்டிருக்கு? வயசு என்னம்மா?”

“அறுவத்தொண்ணு.”

“உக்காருங்க.”

மூன்று முறை ஊதினாள். மூன்றாவது முறை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேம்புலிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். காகிதத்தில் ஐம்பத்திரண்டு என்றிருந்தது.

“அடப் பாவமே,” என்றார் ராஜசேகரன். நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார். “இந்த உடம்ப வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு வேலை? நின்னுக்கோ, வீட்டுல ரெஸ்ட் எடு.”

வேம்புலிக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. நேற்று வம்பு பேசியதற்கு நின்னுக்கோ. இன்று நோய் என்று தெரிந்ததற்கும் நின்னுக்கோ.

“உனுக்கு எவ்ளோ சார் வந்துச்சு?”

அவர் கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்பத்தொண்ணு. நானும் கேட்டுகினுதான் இருந்தேன். உன்ன வுட எனுக்கு ஒண்ணு கூடவே கீது. செகரட்டரி வேலையிலேர்ந்து உன்ன எப்போ நிறுத்தப் போறாங்க?”

அனுசுயா குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூணு வருசமா ஏறிகினு கீறேன். கேமராவுல பாத்தியே, இன்னா வேம்புலி, ஏன் நிக்குறன்னு ஒரு வாட்டி கேட்டியா?”

ஜெபிஷா தலை நிமிராமல் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். “அவங்க வேலை செய்யலாம் சார். உங்களுக்குச் சொன்ன அதே மருந்துதான். தூசி கிளப்பக் கூடாது, ஈரத் துணியால துடைக்கட்டும். படி மட்டும் ஏற வைக்காதீங்க.”

முகாம் முடிந்தது. நாற்காலிகளை மேலே கொண்டுபோக வேண்டும். ராஜசேகரன் உறையோடு லிஃப்டுக்குள் நின்றிருந்தார். வேம்புலி தன் கடிதத்தை மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டு, இரண்டு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள்.

“நாலு அமுக்கு சார். நாளைக்கு ஆறு மணிக்கு வருவேன், ஈரத் துணி போடுற கட்டை ஒண்ணு வாங்கி வெய்யி.”

ராஜசேகரன் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு நாலை அமுக்கினார்.